கிணற்றை ஆழமாக்கச் சொன்ன பாடம்

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் எழுவைதீவுப் படகுக்குக் காத்திருந்தபோது எம்மிடம் சாமான்கள் அதிகம் இருக்கவில்லை. ஒரு கைத்தொலைபேசி, சிறியதொரு ஒலிபெருக்கி, ஒரு கட்டு வெள்ளைத்தாள், ஒரு பை புளியங்கொட்டை. கைத்தொலைபேசிக்குள் ஏழு பாடங்கள் இருந்தன. ஆசிரியத் தொழிலுக்குப் பயிலும் பிள்ளைகள் தமது பயிற்சியின் ஒரு பகுதியாகக் கணினியில் தயாரித்த பாடங்கள் அவை. சில காணொளிகள். சில, படமும் எழுத்துமாக ஒவ்வொரு பக்கமாகத் தட்டிப் பார்க்கும் வகை.

இந்த ஏழு பாடங்களும் ஏற்கெனவே புள்ளி பெற்றவை. நல்ல புள்ளிகளே கிடைத்திருந்தன. ஆனால் அந்தப் புள்ளிகளை இட்டவர்களுள் ஒரு பிள்ளையோ, ஒரு தாயோ, ஒரு தோட்டக்காரரோ இருக்கவில்லை. அவர்களையும் இருத்தி ஒரு தடவை பார்த்தால் என்ன என்ற எண்ணத்துடனேயே நாம் புறப்பட்டோம். பாடங்கள் எந்தக் கல்லூரியில் செய்யப்பட்டவை, யார் செய்தவை என்ற விபரம் இக்கட்டுரையில் வராது. பயிலுநர் ஒருவர் மட்டும் தாமாக விரும்பி எம்முடன் படகேறினார். நிலத்தடி நீர் பற்றிய பாடத்தைத் தயாரித்தவர் அவர்.

எழுவைதீவை ஏன் தெரிந்தெடுத்தீர்கள் என்று சிலர் கேட்டார்கள். ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு நடந்தே போய்விடக்கூடிய சிறு தீவு அது. அங்கே ஓடும் பாடம் எங்கேயும் ஓடும் என்பது எமது கணக்கு. டீசல் இயந்திரத்தை நம்பியிருந்த அத்தீவில், 2010களின் பிற்பகுதியில் சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் ஆகிய நான்கையும் இணைத்த மின் திட்டம் ஒன்றை இலங்கை மின்சார சபை ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு அமைத்தது. ஆகவே கைத்தொலைபேசிக்கு மின்னேற்ற வழியுண்டு. ஆனால் ஒரு வீட்டில் ஒரு கைத்தொலைபேசி, அதுவும் தகப்பனோடு கடலுக்குப் போய்விட்டால் மாலை வரை பிள்ளைக்குப் பாடமில்லை. இந்த நிலைமை எமது வாசகர்களுக்குப் புதிதல்ல. இரவல் காணியில் குடியிருப்போருக்கும், மீளக்குடியமர்ந்து அரைகுறை வீட்டில் இருப்போருக்கும் இதேதான்.

கடதாசி மட்டையில் செய்த பாடம்

1990இலும் 1991இலும் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக வெளியேறினார்கள். வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் தோட்டத்தையும் வீட்டையும் விட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே எழுந்து நடந்தது. அந்த ஆண்டுகளில் மரத்தின் கீழ் நடந்த வகுப்புகளை எமது வாசகர்களிற் பலர் கண்டிருப்பார்கள், சிலர் அவற்றிலே படித்தும் இருப்பார்கள். இரவில் ஜாம் போத்தல் விளக்கு. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி. ஆசிரியர்கள் கடதாசி மட்டையிலும் பனையோலையிலும் சோடா மூடியிலும் கற்பித்தற் சாதனங்கள் செய்தார்கள். அவற்றிலும் பிழைகள் இருந்தன. ஆனால் மட்டையில் இருந்த பிழை அந்த ஒரு வகுப்போடு நின்றது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துத் திருத்தினார்.

கணினியிற் செய்த பாடம் அப்படியல்ல. ஒரு மாலையில் அது நூறு கைத்தொலைபேசிகளுக்குப் போய்விடும். 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது இது கண்கூடாகத் தெரிந்தது. ஆசிரியர்களும் பயிலுநர்களும் இரவு பகலாகப் பாடங்களைத் தயாரித்து வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அவர்களின் உழைப்பை நாம் குறைத்து மதிக்கவில்லை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழ்மொழிப் பாடங்கள் உள்ளன. எனினும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். 1980 முதல் எமது பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைத்துவரும் பாடநூல், எழுத்தாளர் குழு, பதிப்பாசிரியர் குழு என்று பல கைகள் கடந்து கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தினால் அச்சிடப்படுகின்றது. இருபத்திரண்டு வயதுப் பயிலுநர் ஒருவர் விடுதிக் கட்டிலில் இருந்து செய்த காணொளி எவருடைய கையும் கடக்காமலே பிள்ளையிடம் வந்துவிடுகின்றது.

தேசிய கல்வியியற் கல்லூரிகளில் பயில்வோர் இரண்டாண்டு கல்லூரியிலும் மூன்றாம் ஆண்டு பாடசாலையொன்றிலும் பயிற்சி பெறுகின்றார்கள். பாடசாலைக்குப் போன பின்னரே தமது பாடம் உண்மையான பிள்ளையின் கையில் என்ன பாடுபடுகின்றது என்று கண்டுகொள்கின்றார்கள். அதற்கு முன் அவர்களுடைய பாடத்தை மதிப்பிடுவோர் பார்ப்பதெல்லாம் ஒரு பெரிய திரையில், நல்ல ஒலிபெருக்கியோடு.

மதிப்பிடும் வழிகள்

உலகில் இதற்கு முறைகள் இல்லாமல் இல்லை. கனடாவில் ஜோன் நெஸ்பிற்றும் அவரது கூட்டாளிகளும் 2000களின் தொடக்கத்தில் 'லோரி' என்ற மதிப்பீட்டுப் படிவத்தை உருவாக்கினார்கள். ஒன்பது விடயங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி. உள்ளடக்கம் சரியா, கற்றற் பேற்றோடு பொருந்துகிறதா, பிள்ளையின் விடைக்குத் தக்க பதில் கொடுக்கிறதா, ஆர்வம் ஊட்டுகிறதா, தோற்றம் எப்படி, கையாள்வது இலகுவா என்று அது போகும். உள்ளடக்கம் முதலாவதாக நிற்பதைக் கவனியுங்கள். எமக்கு அதைவிடப் பிடித்தது அவர்கள் அதைப் பயன்படுத்திய விதம். மதிப்பிடுவோர் முதலில் தனித்தனியாக, ஒருவர் மற்றவரைப் பாராமல் புள்ளியிடுவார்கள். பிறகு கூடியிருந்து, எங்கே புள்ளிகள் பெரிதாக வேறுபடுகின்றனவோ அதைப் பற்றி மட்டும் பேசுவார்கள். ஒத்துப்போன இடத்தில் நேரத்தை வீணாக்குவதில்லை.

எமது நாட்டிலும் ஒரு நல்ல முயற்சி நடந்திருக்கின்றது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஷிரோனிகா கருணாநாயக்கவும் பேராசிரியர் சோம் நாயுடுவும், பட்டப்பின் கல்வி டிப்ளோமா பயின்ற 230 ஆசிரியர்களோடு, ஒன்பது மாகாணங்களிலும் ஓர் ஆய்வைச் செய்தார்கள். 2017இல் அது நூலொன்றில் வெளிவந்தது. எவரும் இலவசமாக எடுத்து, தமக்கேற்ப மாற்றி, பகிர்ந்துகொள்ளக்கூடிய கல்வி வளங்களை அந்த ஆசிரியர்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்த்தார்கள். பயிற்சி முன்னேற முன்னேற, ஆசிரியரை மையமாக வைத்த பாடத்திட்டங்கள் பிள்ளையை மையமாக வைத்தவையாக மாறத் தொடங்கின. கிடைத்ததை அப்படியே எடுத்துப் போடாமல் மாற்றிப் பயன்படுத்தும் பழக்கமும் வளர்ந்தது. கணினி வசதிக் குறைவும் இணைய வசதிக் குறைவும் தடையாக நின்றன. அதை நாமே சொல்லியிருப்போம்.

புளியங்கொட்டைப் புள்ளி

கோயில் முற்றத்து மரநிழலில் பாய்களை விரித்து இருந்தோம். பிள்ளைகள் பன்னிரண்டு பேர், ஆறேழு தாய்மார், இரண்டு மூன்று ஆண்கள். அவர்களுள் ஒருவர் மகளைப் பார்க்க வந்திருந்த பெரியவர். வலிகாமம் வடக்கில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர், 1990இல் வெளியேறியவர். அவர் வந்தது எமது அதிர்ஷ்டம்.

லோரிப் படிவத்தின் ஒன்பது விடயங்களையும் நாம் நான்காகச் சுருக்கினோம். சொல்வது சரியா, எங்களுக்கு விளங்குகிறதா, கைத்தொலைபேசியில் பார்க்கவும் கேட்கவும் முடிகிறதா, பிழை விட்டால் திருத்துகிறதா. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சிரட்டை. ஒவ்வொருவர் கையிலும் புளியங்கொட்டை. ஒன்று முதல் ஐந்து வரை, மற்றவருக்குத் தெரியாமல் தாளில் மடித்துப் போடவேண்டும். எழுத வாசிக்கத் தயங்குவோரும் புள்ளியிடலாம் என்பது இதன் வசதி. பிள்ளைகள் புளியங்கொட்டையை வைத்து விளையாடத் தொடங்கியதால் கால் மணி நேரம் போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிலத்தடி நீர்ப் பாடம் அழகானது. பதினொரு நிமிடம். இசை, அசையும் முகில், பச்சை மலை, மலையில் இருந்து இறங்கும் ஆறு. மழை நீர் மண்ணுக்குள் இறங்குவதும் கிணற்றில் ஊறுவதும் வரைபடமாக வந்தன. கடைசியில், கோடையில் நீர் வற்றினால் கிணற்றை மேலும் ஆழமாக்கினால் கூடிய நீர் பெறலாம் என்று ஒரு குரல் சொன்னது.

பெரியவர் கையை உயர்த்தினார்.

"பிள்ளை, அந்தக் கடைசித் துண்டை ஒருக்கால் திருப்பிப் போடும் பாப்பம்."

திருப்பிப் போட்டார்கள்.

"இது எந்த ஊர்க் கிணறு? எங்கட பக்கம் அடியிலை போகப் போக உவரெல்லோ வரும்? கடலுக்குக் கிட்ட இருக்கிற கிணத்தை ஆழமாக்கினால் அந்தக் கிணறு துலைஞ்சுது. பக்கத்துக் கிணறும் துலைஞ்சிடும்."

சிரட்டைகளைக் கவிழ்த்தபோது பிள்ளைகள் நான்கும் ஐந்துமாகப் போட்டிருந்தார்கள். 'சொல்வது சரியா' என்ற சிரட்டையில் ஒரேயொரு தாள் தனியாகக் கிடந்தது. அதற்குள் ஒரு கொட்டை. பெரிய வேறுபாடு எங்கேயோ அங்கே பேசுங்கள் என்று நெஸ்பிற் சொன்னது இதற்குத்தான் போலும்.

பெரியவர் சொன்னது விஞ்ஞானமும் சொல்வதே. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழை நீர்தான் எமது கிணற்று நீர். நன்னீர் இலேசானது, கடல் நீர் பாரமானது. ஆகவே கீழே இருக்கும் உப்பு நீருக்கு மேலே நன்னீர் ஒரு வில்லையைப் போல மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்று ஒல்லாந்தர் ஒருவரும் ஜேர்மனியர் ஒருவரும் நூறாண்டுக்கு மேலாக முன்னரே கணக்கிட்டார்கள். அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கும். மேலே ஓர் அடி நீர் இறங்கினால், கீழிருந்து உப்பு நீர் நாற்பது அடி ஏற இடமுண்டு. எனவேதான் எமது தோட்டக்காரர்கள் கோடையில் இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, கிணற்றை ஊறவிட்டு இறைத்தார்கள். குளத்தையும் கேணியையும் தூர் வாரி மழை நீரைத் தேக்கியதும் அதற்காகத்தான்.

பயிலுநர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். படங்களும் விளக்கமும் இணையத்தில் இருந்து எடுத்தவை என்று சொன்னார். மலையும் ஆறும் உள்ள நாட்டுக்கு அது சரியான பாடமாக இருக்கலாம். பிறகு மெல்லச் சொன்னார்:

"ஐயா, நான் முகாமிலை பிறந்தனான். எங்கட ஊர்க் கிணத்தை நான் கண்டதே இல்லை."

அந்தச் சொல் எம்மை நெடுநேரம் விடவில்லை. முன்பெல்லாம் ஒரு பிள்ளை கிணற்றைப் பற்றிப் பாடசாலையிற் படிக்கவில்லை. தகப்பனுக்குத் துணையாக வாய்க்கால் மாறும்போது படித்தது. காணியை விட்டு இருபது, முப்பது ஆண்டுகள் வெளியில் இருந்த குடும்பங்களில் அந்தப் படிப்பு அறுந்துவிட்டது. காணி திரும்பக் கிடைத்தவர்களின் பிள்ளைகள் இன்று தூர்ந்த கிணற்றுக்குப் பக்கத்தில் நின்று, கைத்தொலைபேசியைத் தட்டி, என்ன செய்யலாம் என்று பார்க்கின்றார்கள். அந்த நேரத்தில் அழகான குரல் ஒன்று ஆழமாக்கு என்று சொன்னால் அவர்கள் ஆழமாக்குவார்கள். பரீட்சையில் ஒரு புள்ளி போவதோடு இது முடியாது.

மற்றப் பாடங்கள்

ஒரு பாடம் திறந்தவுடன் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரிந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். பாமினி எழுத்துருவில் தட்டியெழுதிய பாடம் அது. அந்த எழுத்துரு ஏற்றப்பட்ட கணினியில் மட்டுமே அது தமிழாகத் தெரியும். ஒருங்குறியில் தட்டியிருந்தால் எந்தக் கைத்தொலைபேசியிலும் தெரிந்திருக்கும். ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. இன்னும் பழைய பழக்கம் போகவில்லை.

இரசாயனப் பாடம் ஒன்று தமிழ்நாட்டுக் காணொளியில் இருந்து வெட்டி ஒட்டியது. அதில் 'ஆக்சிஜன்', 'ஹைட்ரஜன்' என்று வந்தன. எமது பாடநூலில் ஒட்சிசன், ஐதரசன். தமிழ்நாட்டுச் சொல் தாழ்ந்தது என்று நாம் சொல்லவில்லை. இரண்டு பெயரையும் அறிந்திருப்பது நல்லதே. ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, இவை வேறு வேறு வாயுக்களா என்று கேட்டபோது அந்தப் பாடத்தில் விடை இருக்கவில்லை.

இன்னொன்று திரை நிறைய எழுத்தைப் போட்டு, அதையே முழுவதும் வாசித்தது. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் இதைப் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்தவர். படமும் பேச்சுமாகச் சொன்னால் பிள்ளை நன்றாக விளங்கிக்கொள்ளும், அதே பேச்சைத் திரையில் எழுத்தாகவும் நிறைத்தால் கவனம் சிதறும் என்கின்றார். தேவையற்ற இசையும் அலங்காரமும் அப்படியே. ஆனால் எழுவைதீவுக் காற்றில் பேச்சுப் பாதி கேட்கவில்லை என்பதையும் நாம் கண்டோம். ஆகவே முக்கியமான சொற்களை மட்டும் பெரிய எழுத்தில் போடுவது பொருத்தம் என்பது எமது அபிப்பிராயம்.

கணிதப் பாடம் நல்ல சிரிப்பைத் தந்தது. செவ்வகக் காணியொன்றின் படத்தைக் காட்டி "இதன் பரப்பு யாது?" என்று கேட்டது. பதினொரு வயதுப் பையன் ஒருவன் யோசிக்காமல் "நாலு பரப்பு" என்று போட்டான். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளை வேறென்ன சொல்லும்? பெற்றார் காணியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவன் கேட்டது அந்தச் சொல்லைத்தானே. பாடநூற் சொல் 'பரப்பளவு'. அதைச் சுருக்கி எழுதியதால் வந்த வினை. கைத்தொலைபேசி "தவறு" என்று காட்டி ஒரு கரகரத்த சத்தம் போட்டது. அவ்வளவுதான். ஏன் தவறு, அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரு சொல் இல்லை. பையன் மூன்று தரம் முயன்றுவிட்டுக் கைத்தொலைபேசியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டான். நீளத்தை அகலத்தால் பெருக்கிப் பார் என்று ஒரு வரி போட்டிருந்தால் அவன் அங்கேயே இருந்திருப்பான். நாம் பார்த்த ஏழு பாடங்களில் ஐந்தில் இதே குறை இருந்தது.

ஒரு பாடத்தை எல்லோரும் ஒருமிக்கப் பாராட்டினார்கள். கூட்டல் பற்றி இரண்டு நிமிடம். கையினால் வரைந்த படம், தெளிவான குரல், ஒரு கேள்வி, விடை பிழைத்தால் மீண்டும் மெதுவாகச் செய்துகாட்டுதல். கல்லூரியில் அதற்குத்தான் எல்லாவற்றிலும் குறைந்த புள்ளி என்று பின்னர் அறிந்தோம். அலங்காரம் போதாதாம்.

தாய்மாரின் கணக்கு வேறொன்று. "சுவாமி, இது எத்தினை எம்பி?" என்று ஒரு தாய் கேட்டார். நிலத்தடி நீர்ப் பாடம் 140 மெகாபைற். கிழமைக்கு வாங்கும் டேற்றாவில் அதற்கு எவ்வளவு போகும் என்று அவர் விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார். புள்ளியிடும் எந்தப் படிவத்திலும் இந்தக் கேள்வியை நாம் காணவில்லை.

உங்கள் பிள்ளையின் கைத்தொலைபேசிக்குப் பாடம் ஒன்று வந்தால் பக்கத்தில் இருந்து ஒரு தரம் பாருங்கள். படிப்பறிவு போதாதே என்று தயங்க வேண்டாம். பயிரும் மண்ணும் நீரும் மாடும் வரும் பாடங்களில் உங்களைவிடச் சிறந்த பரீட்சகர் வேறெங்கே இருக்கிறார்? பிழை கண்டால் ஆசிரியரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். பயிற்சிக்கு வந்திருக்கும் ஆசிரியர் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். அவர் இன்னும் பழகுகின்ற வயதில் இருக்கின்றார்.

அன்று பயிலுநர் மாலைப் படகுக்கு முன்னரே பெரியவரை அழைத்துக்கொண்டு பக்கத்துக் கிணற்றடிக்குப் போனார். பெரியவர் நீரைக் கையில் ஏந்திச் சுவைத்துக் காட்டினார். பிறகு நன்னீர் எப்படி மேலே நிற்கிறது, எந்த நேரம் இறைப்பை நிறுத்தவேண்டும் என்று தமது பேச்சு வழக்கிலேயே சொன்னார். கைத்தொலைபேசியாலேயே பதிவு செய்தார்கள். இரண்டு வாரத்தின் பின் புதிய பாடம் எம்மிடம் வந்தது. மூன்று நிமிடம், 9 மெகாபைற். மலையும் ஆறும் போய்விட்டன. வலிகாமத்தில் சில பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியபோது ஒரு சிறுமி, "இதிலை உப்புத் தண்ணி எது, நல்ல தண்ணி எது?" என்று கேட்டாள். இரண்டையும் நீல நிறத்தில் வரைந்திருந்தார்கள். பயிலுநர் உப்பு நீரை மண்ணிறமாக மாற்றினார். அடுத்த தடவை பிள்ளைகள் அதைச் சேறு என்றார்கள். இப்போது அது ஊதா நிறம். புள்ளி கொடுக்கும் நாள் கடந்துவிட்டதால் கல்லூரிக் கோவையில் பழைய பாடமே உள்ளது.

புதிய பாடம் எமது பணியகத்தில் இருக்கின்றது. இணையம் இல்லாதவர்கள் மெமரி காட்டைக் கொண்டுவந்தால் ஏற்றித் தருவோம். பார்த்துவிட்டுக் குறை தெரிந்தால் எழுதியனுப்புங்கள், அல்லது வரும்போது வாயாற் சொல்லுங்கள், பயிலுநருக்குச் சேர்ப்பிப்போம்.